சவுதியிலிருந்து ஒரு பூட்டு

போன வாரம் மங்கலம்பேட்டையில் சாதிக் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாதிக் அங்கே இல்லை. சவுதியில் இருக்கிறான். டீ கொடுத்தது அவன் மனைவி மும்தாஜ். ஏழாவது படிக்கும் மகள் ஆயிஷா தரையில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று ஸ்கிரீன் கறுத்துப்போனது.

"சார்ஜ் போயிடுச்சாம்மா?" என்றேன்.

"இல்ல மாமா. அத்தா பூட்டிட்டாங்க."

கரண்ட் போய்விட்டது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் புரியவில்லை. மும்தாஜ்தான் விளக்கினார். சாதிக் தன் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறான். மகள் போனில் என்ன திறந்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அதில் ரிப்போர்ட் வரும். ஜாஸ்தியாகிவிட்டது என்று தோன்றினால் அங்கிருந்தே ஒரு அமுக்கு. இங்கே பூட்டிக்கொள்ளும்.

கடல் தாண்டி ஒரு பூட்டு! விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது.

சாதிக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றும் லாரியில் நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் லோடுமேன்கள். தூக்கம் வந்தால் கரும்பு மேலேயே படுத்துக்கொள்வோம். காய்ந்த சோகை இலை குத்தும், அவ்வளவுதான். நான் எட்டாவதோடு நின்றவன். அவன் ஒன்பதாவது. அந்த ஒரு வகுப்பை இன்றுவரை சொல்லிக்காட்டுவான். பிறகு அவன் சவுதிக்குப் போனான். நான் ஊர் ஊராகச் சுற்றி, இப்போதைக்குக் கடலூரில் ஒரு வாடகை ரூமில் இருக்கிறேன். பத்திரிகையில் எழுதுகிறவன் சொன்னால் பிள்ளை கேட்கும் என்று நினைத்து, "அவளுக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுடா" என்று என்னை அனுப்பியதே அவன்தான்.

மும்தாஜுக்கு வேறு கவலை.

"அண்ணே, அவுங்க போன் பண்ணா இவ மூணு வார்த்தைதான் பேசுவா. நல்லாருக்கேன், சாப்பிட்டேன், படிச்சேன். அதோட என்கிட்ட குடுத்துடுவா. வர்ற பெருநாளைக்கு லீவுல வர்றாங்க. இப்பவே எங்கம்மா வீட்டுக்கு, அவ நன்னியா வீட்டுக்குப் போறேங்கறா. சொந்த அத்தா வரும்போது ஓடி ஒளியற புள்ளய நான் என்னண்ணே பண்றது?"

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. பிரச்சினை செல்போன் இல்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆயிஷா முன்னால் அட்டை, ஐஸ்குச்சி, ஊசி இல்லாத சிரிஞ்சுகள், குளுகோஸ் ஏற்றுகிற டியூப். ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குக் குட்டி கிரேன் செய்கிறாளாம். ஒரு சிரிஞ்சை அமுக்கினால் டியூபில் தண்ணீர் ஓடி, அட்டைக் கை மேலே தூக்க வேண்டும். தூக்கியது. தூக்கிய வேகத்தில் பொத்தென்று விழுந்தது.

"அதுக்குத்தான் மாமா அந்த வீடியோவத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். எங்க தப்புன்னே தெரியல."

"உங்க அத்தாகிட்ட கேக்கறதுதானே?"

"அவுங்களுக்கு என்ன தெரியும்?"

"உங்க அத்தாவுக்கு அங்க என்ன வேலை?"

யோசித்தாள். "சவுதியில வேலை."

வாசகர்களே, சாதிக் சவுதியில் கிரேன் ரிப்பேர் பட்டறையில் மெக்கானிக்!

வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டேன்.

"என்ன மச்சான், அட்வைஸ் பண்ணியா?"

"பண்ணலாம்னுதான் வந்தேன். யாருக்குன்னு இப்ப மாறிப்போச்சு. நீ அப்பனா, வாட்ச்மேனாடா?"

"எட்டாங்கிளாஸு, வாய மூடு. ரிப்போர்ட்டப் பாத்தியா? ஒரே யூடியூபு. எங்க ரூம்ல எல்லாரும் இந்த ஆப்பு வச்சிருக்கோம். சாப்பிடும்போது போனை நடுவுல வச்சுப் பாப்போம். நெல்லிக்குப்பத்தான் புள்ள அரை மணி நேரம்தான் பாக்குதாம். என் மானமே போவுது!"

கேட்டீர்களா கதையை? பாலைவனத்தில் குப்பூஸ் ரொட்டியை வைத்துக்கொண்டு, யார் பிள்ளை குறைவாகப் பார்க்கிறது என்று போட்டி. ஜெயிப்பதற்காக இங்கே ஒரு கிரேன் பாதியில் நிற்கிறது!

"அவ என்ன பாக்கறான்னு கேட்டியா?"

"கேட்டா சொல்லிடுவாளா?"

"பூட்டறவன்கிட்ட எவ சொல்லுவா?"

இப்போது அவன் வேறு குரலில் சொன்னான். "நான் இங்கருந்து வேற என்னடா பண்ண முடியும்? கன்னத்தக் கிள்ள முடியுமா? ஸ்கூல்ல கொண்டுபோய் விட முடியுமா? எனக்கு இருக்கறது அந்த ஒரு பட்டன்தான் மச்சான்."

கிரேன் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"சிரிஞ்சுலயா?" என்றான். "தூக்கிட்டு விழுதா? டியூப்ல காத்து மாட்டியிருக்கும்டா! போனை அவகிட்ட குடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அவள் வழக்கமான மூன்று வார்த்தைகளை ஆரம்பித்தாள். அவன் முடிக்க விடவில்லை.

"ஒரு பக்கெட்ல தண்ணி எடு. சிரிஞ்சு, டியூப் எல்லாத்தயும் தண்ணிக்குள்ள முக்கி வச்சுக்கிட்டு இழு. ஒரு குமிழி இருக்கக் கூடாது. உள்ளயே மாட்டிட்டு வெளிய எடு."

செய்தாள். அட்டைக் கை தூக்கியது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"அத்தா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. இருந்தும் பட்டறைக்குப் போய், வீடியோ காலில் நிஜ கிரேனைக் காட்டினானாம். அவள் கேள்வி மேல் கேள்வி. மும்தாஜ் சோறு ஆறிப்போச்சு என்று கத்தியிருக்கிறார், இருவர் காதிலும் விழவில்லை. நன்னியா வீட்டுக்குப் போகிற பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை.

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தார். 'என் மகன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கலாம்?' வீடு, குடும்பம் எதுவும் இல்லாதவனிடம் கேட்கிற கேள்வியா அம்மா இது? மணிக்கணக்கு எனக்குத் தெரியாது. பூட்டே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். கண்ட கழிசடையும் அதற்குள்தான் இருக்கிறது. பூட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, 'என்னடா பாக்கற, எனக்கும் காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். போரடிக்கும்... ஆயிஷா பிறகு காட்டிய அந்தச் சிரிஞ்சு வீடியோ எனக்கும் கொட்டாவியைத்தான் வரவழைத்தது. இருந்தாலும் உட்காருங்கள். அப்படியே, நீங்கள் சம்பாதிக்கிற வேலை என்னவென்றும் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள்.

நேற்று சாதிக் போன் செய்தான். இப்போதெல்லாம் மகளே கூப்பிடுகிறாளாம். சந்தோஷமான விஷயம்தானே? குரலில் சந்தோஷத்தைக் காணோம்.

"அவ என்ன கேக்கறா தெரியுமா? 'என் ரிப்போர்ட் உங்களுக்கு வருதுல்ல அத்தா, உங்க ரிப்போர்ட்ட எனக்கு அனுப்புங்க'ங்கறா."

"நியாயம்தானே? அனுப்பு."

ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சான்... பாத்ரூம்ல உக்காந்து பாக்கற ரீல்ஸும் அதுல ஏறுமாடா?"