கோயம்புத்தூர் சுற்றி வந்த மாத்திரை

2024 ஜூன் 12, புதன்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடம். சாரல். இடவப்பாதி மழைக்காலம் தொடங்கியும் மழை நின்று பெய்யவில்லை. மேற்கே மட்டும் கறுத்துக் கிடந்தது. முன்கதவை அகலத் திறந்து வைத்து, தூவானம் படாத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது: வீடு பூட்டியிருந்ததால் தபாலைப் பட்டுவாடா செய்ய இயலவில்லை.

மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"வீடு பூட்டிக் கிடக்காமா? அப்ப இஞ்ச இருக்கப்பட்ட நாம ரெண்டு பேரும் ஆரு? பேயா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தபாலில் வர வேண்டியிருந்தது அவளுடைய மாத்திரை.

ஒன்பது வருடத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் என் சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். இன்னொருவர் உறுப்பை உடம்பு எத்தனை வருடமானாலும் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்ளாதாம். அதைத் தாக்க விடாமல் உடம்பை அடக்கி வைப்பது அந்த மாத்திரை. காலை ஒன்பதுக்கு ஒன்று, இரவு ஒன்பதுக்கு ஒன்று, உயிருள்ள வரைக்கும். நாகர்கோவில் கடைகளில் அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் கிடைக்கிறது. ஆனால், "கம்பெனியை மாற்றாதீர்கள், ஒரு வேளையும் தவறவிடாதீர்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதர், அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

முன்பெல்லாம் மாதம் ஒருமுறை இரணியலில் ரயில் ஏறிப் போய் நானே வாங்கி வந்துவிடுவேன். முழங்கால் அறுவைக்குப் பிறகு ரயில் படி ஏற முடியவில்லை. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் ஏற்பாட்டில் ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலிருந்து தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். இருபத்தெட்டு மாத்திரை மீதியிருக்கும்போதே பணம் அனுப்பிவிடுவேன். மூன்று நாளில் வந்துவிடும். இந்த முறை ஏழு நாளாகியும் வரவில்லை. வந்தபோது வீடு பூட்டியிருந்ததாம்.

அன்று காலை மாத்திரைக்குப் பிறகு மீதி பதினான்கு. அதாவது பத்தொன்பதாம் தேதி காலை வரை. அன்று இரவுக்குக் கிடையாது.

உடனே ஆட்டோ பிடித்துத் தபால் அலுவலகம் போனேன். வழக்கமாக வரும் தபால்காரர் விடுப்பில் இருந்தார். பதிலுக்கு வந்தவர் இரண்டு ஊர்த் தபாலையும் சேர்த்துப் பார்க்கிறார், பையோடு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார் என்றார் உள்ளே இருந்தவர்.

"நாளைக்கு வாங்க சார், எடுத்து வைக்கேன்."

"அதுல மருந்து இருக்கு."

"எல்லாரும் மருந்துன்னுதான் சார் சொல்லுதாவ."

மறுநாள் போனேன். பையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். என் பொட்டலம் அதில் இல்லை. வேறு பையில் மாறிப் போயிருக்கலாம், தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் என்னை ஏமாற்றுவதாகத் தோன்றவில்லை. உண்மையிலேயே எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எண்ணினேன். பன்னிரண்டு. திருப்பிப் போட்டும் எண்ணினேன்.

"எண்ணி எண்ணித் தேச்சிராதீங்க" என்றாள் மனைவி. "கொஞ்சம் சும்மா இருங்க. உங்களுக்க கிட்னிக்குப் பயப்படுதியோளா, இல்ல எனக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. குடுத்தாச்சு. இனி அது எனக்க சாமானம்" என்றாள்.

மகனிடம் சொன்னேன். தபாலே வேண்டாம், கூரியரில் போடச் சொல்கிறேன் என்றான். இன்னொரு மாதத்துக்கான மாத்திரை அன்று மாலையே திருவனந்தபுரத்தில் கூரியரில் ஏறியது. பொட்டலம் எங்கே இருக்கிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசன அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கு அணை மட்டமும் மழையளவும் குறித்தவன் நான். ஒரு பொருள் இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு அரைப் பயம் குறையும்.

வெள்ளிக்கிழமை பார்த்தேன். கொச்சி. எங்கள் வீட்டுக்குத் திருவனந்தபுரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அது தெற்கே வராமல் வடக்கே போயிருந்தது. சனிக்கிழமை கோயம்புத்தூர். கூரியர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"வேற ஸ்டேட்டுல்லா சார்" என்றாள் எடுத்த பெண். "களியக்காவிளை பார்டர் தாண்டி நேரா வராது. அந்த ஸ்டேட்டு மெயின் ஆபீஸ் போயி, இந்த ஸ்டேட்டு மெயின் ஆபீஸ் வந்துதான் வரும்."

"பஸ்ஸு ரெண்டு மணிக்கூர்ல வருதே அம்மா."

"பஸ்ஸு வரும் சார். பார்சல் வராது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோயம்புத்தூரிலேயே கிடந்தது. மருந்து அட்டையில் முப்பது டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே எந்த மூலையில் கிடக்கிறதோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே இன்னொரு செய்தியும் வந்தது. முகவரி முழுமையாக இல்லாததால் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, இந்த இணைப்பைத் தொட்டு இருபத்தைந்து ரூபாய் கட்டவும் என்றிருந்தது. விரலை வைக்கப் போனேன். மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று தோன்றிக் கேட்டேன்.

"அப்பா, தொட்டிராதீங்க! அது திருட்டு. பேங்க்ல இருக்கப்பட்டதெல்லாம் உருவிருவானுவ. தெரியாத நம்பர எடுக்காதீங்க. ஓடிபி ஆரு கேட்டாலும் சொல்லாதீங்க" என்று கத்தினான்.

என் ஓய்வூதியம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அவன் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கைப்பேசி வைக்கிற இடத்துக்கு மேலே ஒட்டி வைத்தேன்.

திங்கட்கிழமை மதுரை. செவ்வாய்க்கிழமை காலை நாகர்கோவில். அன்று காலை மாத்திரை போட்டபின் மீதி இரண்டே இரண்டு. அன்றிரவுக்கு ஒன்று, மறுநாள் காலைக்கு ஒன்று. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொன்று நாற்பதுக்குக் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். திரை சிவப்பாகி, மோசடி அழைப்பாக இருக்கலாம் என்று காட்டியது. துண்டித்தேன். மறுபடி அடித்தது. துண்டித்தேன். நான்கு தடவை. ஐந்தாம் தடவை எடுத்தேன்.

"சார், பார்சல் வந்திருக்கு. ஒரு ஓடிபி வந்திருக்கும், அதக் கொஞ்சம் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்காரன் இன்று குரலோடு வந்துவிட்டான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. "ஏலே, ஆருகிட்டே ஓடிபி கேக்குதே? உன் நம்பர போலீஸுக்குக் குடுத்தாச்சு. ஜெயில்ல கெடந்து கேளு" என்று சத்தம் போட்டுத் துண்டித்தேன். தப்பித்துவிட்டோம் என்று மனைவியிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் செய்தி வந்தது. வாடிக்கையாளர் பார்சலை வாங்க மறுத்துவிட்டார். அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது.

உண்மையிலேயே கூரியர்காரன்தான் கூப்பிட்டிருக்கிறான். அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். இப்போது அவன் எடுக்கவில்லை. மனைவி என்னைத் திட்டவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வந்து, மிச்சமிருந்த இரண்டு மாத்திரையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பையில் வைத்தாள்.

"கார் ஒண்ணு வரச் சொல்லுங்க. நானும் வாறேன்."

"கூட்டத்துல நீ வரப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"உங்களத் தனியா விட்டா வழியில வேற ஆரையாவது ஜெயில்ல போடுவியோ" என்றாள்.

நாகர்கோவில் கூரியர் அலுவலகம் ஒரு கடையின் பின்பக்கத்து நீண்ட அறை. கவுண்டரில் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கம்பி வலை போட்ட இடத்தில் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. மேலாக, ஆஸ்பத்திரி மருந்துக் கடையின் பச்சைப் பை. நின்ற இடத்திலிருந்தே அதில் என் பெயரை வாசிக்க முடிந்தது.

"அந்தா இருக்கு, அதான்" என்றேன்.

அவளும் திரும்பிப் பார்த்தாள். "ரிட்டர்ன் அடிச்சாச்சு சார். இனி இங்க வச்சுத் தர முடியாது. திருவனந்தபுரத்துக்குத்தான் போவும்."

"எந்த வழியா?"

"வந்த வழிதான் சார். கோயம்புத்தூரு."

அடுத்த நடைக்குப் பொட்டலம் எடுக்க, மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட ஓர் ஆள் உள்ளே வந்தான். என் குரலைக் கேட்டு நின்றான்.

"பாட்டாதானா அது? என்னைய ஜெயில்ல போடுவேன்னு சொன்னது? உங்க முக்குல மழையில நின்னுட்டு வீடு எதுன்னு தெரியாமக் கூப்பிடுதேன், நாலு மட்டம் கட் பண்ணுதியோ. அஞ்சாவது மட்டம் திருடனாக்கிட்டியோ."

"போன்ல செவப்பா காட்டிச்சு மக்கா."

"ஒரு நாளைக்கு எழுவது பேரக் கூப்பிடுதேன். எல்லாவன் போன்லயும் செவப்பாத்தான் காட்டும்."

மனைவி முன்னால் வந்தாள். "மக்கா, அது எனக்க மருந்து. நாளைக்கு ராத்திரிக்கு இல்ல. இவுரு வெப்பிராளத்துல என்னமோ பறஞ்சிட்டாரு, மனசுல வைக்காதே."

அவன் முகம் மாறியது. கவுண்டரைப் பார்த்தான். "ஏதாவது செய்ய முடியுமா அக்கா?" என்று அவனே கேட்டான். அந்தப் பெண் கணினியில் இரண்டு மூன்று தடவை ஏதோ தட்டினாள். பிறகு தலையசைத்தாள். மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள். "எடுத்துத் தந்தா எனக்க வேல போயிரும் அம்மா" என்று மெல்லச் சொன்னாள்.

அணை நிரம்பி வழிகிற ராத்திரிகளில் கூட நான் அப்படிப் பயந்ததில்லை. நான்கடி தூரத்தில் மருந்து இருந்தது. கை நீட்டினால் எட்டாது, அவ்வளவுதான். ஒரு நிமிடம், அந்த வலைக் கதவைத் தள்ளிவிட்டு உள்ளே போய் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றே நினைத்தேன். இந்த முழங்காலோடு எவ்வளவு தூரம் ஓடுவேன்? மனைவி என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

காரைத் திருவனந்தபுரத்துக்கு விடச் சொன்னோம். மார்த்தாண்டத்தில் நெரிசல். வழி முழுக்க நான் மணியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு மேல் மருந்துக் கடைக்குப் போனால், இரண்டு வாரத்துக்குள் இரண்டு மாத மாத்திரை வாங்கியாயிற்று, மூன்றாவது வேண்டுமானால் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எங்கள் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பணியிலிருந்த இளம் டாக்டர், வந்ததோடு ரத்தமும் பார்த்துவிடலாம் என்றார்.

முடிவு வர ஒன்றரை மணி நேரம். அந்த நாற்காலிகளை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். அதில் நல்ல செய்தியும் கேட்டிருக்கிறேன், பக்கத்தில் இருந்தவர் கெட்ட செய்தி கேட்டு எழுந்து போனதையும் பார்த்திருக்கிறேன். முடிவு வந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறுகிற கிரியேட்டினின் அளவு போன மாதம் ஒன்று புள்ளி ஒன்று. இப்போது ஒன்று புள்ளி இரண்டு.

"கூடியிருக்கே டாக்டர்."

"இது ஒரு மாற்றமே இல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலே இவ்வளவு மாறும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு அது மாற்றமில்லை. புள்ளி ஒன்று ஏறியதும் அடுத்த புள்ளி ஒன்றைப் பற்றித்தான் நான் யோசித்தேன். பாறசாலை தாண்டும்போது மணி ஒன்பது. வண்டியை ஓரம் நிறுத்தச் சொல்லி, புது அட்டையைப் பிரிக்காமல், பழைய அட்டையிலிருந்தே ஒன்றை அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு பாட்டில் முழுவதையும் குடிக்க வைத்தேன்.

"போதும், எனக்கு இனி வழியெல்லாம் வண்டிய நிறுத்தணும்" என்றாள்.

தபாலில் தொலைந்த பொட்டலம் மாதக் கடைசியில் உறை நைந்து வீடு வந்தது. கூரியரில் போனது கோயம்புத்தூர் வழியாக மருந்துக் கடைக்கே திரும்பியதாம். வெளியே போய் வந்த மருந்துக்குப் பணம் திருப்பித் தருவதில்லை, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இவ்வளவு நாள் எத்தனை டிகிரியில் எங்கெங்கே கிடந்ததோ தெரியாத மாத்திரையை அவளுக்குக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. கெட்டிருக்காது என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். அவர் உறுதியாகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

இப்போது மருந்து கூரியரில்தான் வருகிறது, ஆனால் வீட்டுக்கு வேண்டாம், நாகர்கோவில் அலுவலகத்திலேயே வையுங்கள் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்தாறு மாத்திரை மீதியிருக்கும்போதே பணம் அனுப்பிவிடுகிறேன். தெரியாத எண் எது அடித்தாலும் எடுக்கிறேன். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடமும், பார்சலா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

இரண்டு வாரம் பொறுத்து, டாக்டர் யாரும் சொல்லாமல், நானே அவளைக் கெஞ்சி நாகர்கோவிலில் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வைத்தேன். ஒன்று புள்ளி ஒன்று. அதற்கு இருநூற்றைம்பது ரூபாய். மூன்று தடவை வாங்கிய மாத்திரை, தபால் கூலி, கூரியர் கூலி, ஆட்டோ, கார், டாக்டர், ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் நான் குடித்த இரண்டு சாயா எல்லாம் சேர்த்து, அந்த ஒரு மாத மாத்திரைக்கு ஆன செலவு இருபத்தோராயிரத்து நூற்று எண்பத்தைந்து ரூபாய்.