தராசு ஏறும் வரை

என் மகளைத் துடுப்புப் படகுக்குத் தேர்ந்தெடுத்தது விருதுநகரில், புழுதி பறக்கிற ஒரு மைதானத்தில். பிள்ளைகளை ஓடவிட்டார்கள், தாண்டவிட்டார்கள், கடைசியில் கைகளை விரிக்கச் சொல்லி நாடா வைத்து அளந்தார்கள். அவளுக்கு உயரத்தைவிடக் கைவீச்சு அதிகம். அளந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் நாரணாபுரம். எங்கள் கண்மாயில் மழை முடிந்த பிறகு முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே பெரிய விஷயம். அதெல்லாம் கற்றுக்கொடுத்துவிடுவோம் என்றார் அந்த அம்மா. ஒரே மாதத்தில் மகள் சென்னைப் பக்கம் ஏரிக்கரையில் இருந்த விளையாட்டு விடுதிக்குப் போய்விட்டாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

அடுத்த வருஷம் இளையோர் சாம்பியன்ஷிப் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள். பெற்றோர் வரலாம் என்று விடுதியிலிருந்து சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு லோடு ஏற்றுகிற வேலை. சீசன் நேரத்தில் லீவு கிடைக்காது. நான் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள், எப்படியோ மூன்று நாள் கேட்டு வாங்கினேன்.

துணைக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு அக்கா வந்தாள். அவள் மகளும் அதே விடுதி, என் மகளைவிட ஒரு வயது மூத்தவள். அந்த வருஷம் இருவரையும் ஒரே படகில் ஜோடியாகப் போட்டிருந்தார்கள். அக்கா ஏற்கெனவே இரண்டு போட்டிகளுக்குப் போய் வந்தவள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போனில் எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். குடை கொண்டு வரணும், கரையில் நிழல் கிடையாது. உட்கார ஒரு சாக்கோ போர்வையோ வேணும். படகு கிளம்புகிற இடம் கண்ணுக்கே தெரியாது, ரொம்பத் தூரம், அதனால் அங்கே பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசிக் கொஞ்சத் தூரம்தான் தெரியும். அதிலும் பிள்ளைகள் பின்பக்கமாக வருவார்கள்; நமக்குத் தெரிவது முதுகுதான், முகம் தெரியாது. தோற்றால் உடனே பக்கத்தில் போகக் கூடாது. ஜெயித்தாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் போகணும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்குச் சாப்பிட என்ன கொண்டு வரலாம் என்று கேட்டபோது மட்டும் அக்கா கொஞ்சம் யோசித்தாள். ஒன்றும் வேண்டாம், அங்கே எல்லாம் அளவுச் சாப்பாடு என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. சாத்தூரில் பஸ் மாறும்போது இருவருக்கும் சேர்த்துக் காராச்சேவு வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ஏரி நான் நினைத்ததைவிடப் பெரியது. காற்றே இல்லை. தண்ணீர் அசையாமல் கருத்துக் கிடந்தது. கரையில் படகுகளைத் தாங்கிகளில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு ஆள் அகலம்கூட இல்லாத, குச்சி மாதிரியான படகுகள். உள்ளே செருப்பு மாட்டுவதுபோல இரண்டு ஜோடி ஷூக்களைப் பலகையோடு சேர்த்துத் திருகி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதில் காலை நுழைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். படகு கவிழ்ந்தால் என்ன செய்வார்கள் என்று கோச்சிடம் கேட்டேன். குதிகாலில் ஒரு சின்னக் கயிறு இருக்கிறது, காலை இழுத்தால் ஷூ கழன்றுவிடும், பின்னாலேயே மோட்டார் படகும் வரும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மிதவை ஜாக்கெட் போடமாட்டார்களா என்றேன். போட்டால் துடுப்புப் போட முடியாது என்றார்.

மகள் வந்தாள். ஆறு மாதம் ஆகியிருந்தது பார்த்து. தோள் அகலமாகியிருந்தது, கன்னம் உள்ளே போயிருந்தது. உதட்டில் தோல் வெடித்திருந்தது. சேவுப் பொட்டலத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை தராசு ஏறி இறங்குன பெறகும்மா."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் ஓட்டுவது எடை குறைந்தவர்களுக்கான பிரிவு. இரண்டு பேரையும் சேர்த்து இத்தனை கிலோதான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு. இரண்டு நாளும், போட்டிக்குக் கொஞ்ச நேரம் முன்பாகத் தராசில் நிறுத்துவார்கள். கூடினால் படகை இறக்க விடமாட்டார்கள். ஏறி இறங்கிவிட்டால் சாப்பிடலாம், குடிக்கலாம்.

"இப்ப எம்புட்டுக் கூட இருக்கு?"

"கொஞ்சம்தான்." சொல்லிவிட்டுக் கையிலிருந்த காலி பாட்டிலில் துப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் துப்பினாள். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அந்த எச்சிலும் எடைதான் என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

சனிக்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு இருவரும் படகுக் கொட்டகையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு. நான் குடைக்குள்ளேயே வேர்த்துக்கொண்டு நிற்கிறேன். அக்காவைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், ரெண்டு நாள்தானே, பழகிவிடும் என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றத் தாய்மார்களும் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எடை சரியாக இருந்தது. போட்டியும் நன்றாகவே போனது. ஞாயிறு இறுதிப் போட்டிக்குத் தேறிவிட்டார்கள். ஆனால் கரைக்கு வந்ததும் என் மகளால் படகிலிருந்து தானாக எழ முடியவில்லை. அக்கா மகள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். ஓட்டி முடித்தால் எல்லோரும் இப்படித்தான் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மூடியைத் திருகி மூடினாள். நாளைக்கும் தராசு இருக்கிறதே.

எனக்கு அந்தத் திருகல் தெரியும். கம்பெனியில் நாங்களும் அப்படித்தான். சரம் பின்னுகையில் எழுந்து வெளியே போனால் கை ஓட்டம் போய்விடும், கக்கூஸும் தூரம். அதனால் காலையில் தண்ணீரே குடிக்காமல் மத்தியானம் வரை ஓட்டுவோம். சித்திரை மாசத்தில் ஒரு நாள் காயவைக்கிற களத்தில் ஒருத்தி சத்தமே இல்லாமல் சாய்ந்தாள். பார்க்க வந்த நர்ஸ் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டார். தூக்கிய தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. இப்படி நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று எங்களுக்கும் காட்டிக் கொடுத்தார். நான் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்ததை மகள் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள்.

பிள்ளை தண்ணீரே குடிக்கமாட்டேன் என்கிறாள் என்று கோச்சிடம் போய்ச் சொன்னேன். நாங்கள் யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை, அளவாகச் சாப்பிடத்தான் சொல்கிறோம், அவர்களுக்கே தெரியும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை எடை பார்க்கிற கூடாரத்துக்குப் பின்னால் மகளைக் கண்டுபிடித்தேன். மதில் சுவரில் கை ஊன்றி நின்றாள். பேச்சு இழுத்தது. என்னைப் பார்த்துவிட்டு, யார் என்று யோசிப்பதுபோல ஒரு நொடி நின்றாள். கையைப் பிடித்துப் புறங்கையைக் கிள்ளினேன். தோல் நின்றது.

"குடி தாயி."

"இன்னும் அரை மணி நேரம்மா. ஏறி இறங்கிட்டா குடிச்சிருவேன்."

என் கையில் பாட்டில் இருந்தது. மூடியைக்கூடத் திறந்திருந்தேன். ஒரு வருஷ உழைப்பு அவளுக்கு. இன்னொரு வீட்டுப் பிள்ளையும் அந்தப் படகை நம்பி இருக்கிறது. அக்கா அந்தப் பக்கம் குடைக்கடியில் காத்திருக்கிறாள். அரை மணி நேரம்தானே என்று நானும் நினைத்தேன். மூடியை மூடினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா மகள் கொஞ்சம் தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து பாட்டிலை வாங்கினாள். என் மகளுக்குக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கூடாரத்து மறைவிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், தலையை அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். பைக்குள்ளிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து அதையும் குடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு.

"அத்தே, யார்ட்டயும் சொல்லிராதீக."

தராசில் இருவரையும் நிறுத்தினார்கள். வரம்புக்கு மேலே போயிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது, போய் ஓடி வேர்த்துவிட்டு வா என்று கோச் அக்கா மகளை விரட்டினார். அவள் போய் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். நடந்துபோவது மாதிரி ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தாள். நேரம் முடிந்தது. பட்டியலிலிருந்து அவர்கள் படகை அடித்துவிட்டார்கள்.

அக்கா ஓடி வந்து மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பொறுத்துக்கொள்ள முடியாத வாயா உனக்கு, கூட இருக்கிறவள் பொறுத்துக்கொண்டு நிற்கவில்லையா என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டினாள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றது. என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

என் மகள் அதற்குள் முதலுதவிக் கூடாரத்தில் படுத்திருந்தாள். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். ஏரியில் அவர்கள் போயிருக்க வேண்டிய போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு படகுத் தடம் மட்டும் காலியாக இருந்தது. டாக்டர் எடைக் கதையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். இந்த நிலைமையில் படகில் ஏறியிருந்தால் என்று ஆரம்பித்தவர், அதற்குமேல் சொல்லாமல் சீட்டு எழுதினார்.

திங்கள் காலை ஊருக்குப் பஸ் ஏறினோம். நான் விருதுநகரில் இறங்கணும், அக்கா அதே பஸ்ஸில் சாத்தூர் வரை போகணும். திருச்சி தாண்டும் வரை அவள் போனில் மகளைத் திட்டிக்கொண்டே வந்தாள். பிறகு அழுதாள். திருமங்கலம் தாண்டியதும் எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பார்த்ததைச் சொன்னேன். என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் உங்கள் பிள்ளை குடித்தது என்றேன்.

அவள் நெடுநேரம் ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றி சொல்வாள், இல்லை சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன்.

"காப்பாத்தவா குடிச்சுச்சு?" என்றாள் கடைசியில். "ரெண்டு பாட்டிலுன்னு சொல்றீகளே. எம்புட்டுத் தவிச்சிருந்தா அம்புட்டையும் குடிச்சிருக்கும்."

நான் இறங்கும்போது பையை எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகு அவளாகப் போன் செய்வதில்லை. அவள் மகள் இப்போது படகு ஓட்டுவதில்லை. கல்லூரியில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் போன் பண்ணினால் அக்கா எடுப்பாள், நல்லா இருக்கீகளான்னு கேட்பாள், வைத்துவிடுவாள்.

என் மகள் ஓட்டுகிறாள். எடை வரம்பில்லாத பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கோச்சிடம் எழுதியே கொடுத்துவிட்டு வந்தேன், மாற்றவும் செய்தார்கள். போன மாதம் அடுத்த சாம்பியன்ஷிப்புக்கான பட்டியல் போனில் வந்தது. பழைய பிரிவில்தான் அவள் பெயர் இருந்தது. கோச்சைத் திட்டுவதற்காகக் கூப்பிட்டேன். அவர், நீங்கள் மகளிடமே கேளுங்கள் என்றார்.

"நாந்தாம்மா கேட்டு மாத்துனேன்," என்றாள் அவள். "பெரிய பிரிவுல நான் ஜெயிக்க முடியாது."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். தண்ணீர் குடித்தாயா என்றேன். அவள் துப்புகிற சத்தம்தான் கேட்டது. பல் துலக்குகிறேன் என்றாள். அப்போது மத்தியானம்.

டிக்கெட் போட்டுவிட்டேன். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை இல்லை, புதன்கிழமையே போகிறேன். முதல் தடவையாகப் பிள்ளையின் போட்டிக்கு வருகிற காரியாபட்டிக்காரி ஒருத்தி, என்னென்ன எடுத்து வரணும் அக்கா என்று நேற்றுப் போனில் கேட்டாள். குடையைச் சொன்னேன், போர்வையைச் சொன்னேன். பிறகு, பிள்ளையின் புறங்கையைக் கிள்ளிப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டேன். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.