நிறம் நிற்காத கை

சரோஜாவின் கைக்கு ராசியில்லை என்று சொன்னவன் நான்தான். பொய்யென்று தெரிந்தே, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்!

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கேட்டால் போதும். இதைச் சுமந்து எனக்கு அலுத்துவிட்டது...

எழுபதுகளில் ஆரணியில் ஒரு சாயப்பட்டறையில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் வேலை எனக்கு. கூடவே ஒரு விசித்திர வியாபாரமும் வைத்திருந்தேன். கும்பிடுபூச்சி விற்பது! சிரிக்காதீர்கள். வயலில் திரியும் பச்சைப் பூச்சியை யார் வாங்குவார்கள்? நான் விற்றவை ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து பிடித்து வந்தவை. நீண்ட கழுத்தோடு காய்ந்த சருகு போல ஒன்று. இறக்கையில் கண் வரைந்தாற்போல இன்னொன்று. ஓட்டை போட்ட வளையல் பெட்டிகளில் வைத்து, ஈ பிடித்துப் போட்டு வளர்த்தேன். சேலை எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளுக்கென்று ஆசையாக வாங்கிப் போனார்கள்.

ஒரு கோடையில் மலைப் பூச்சி அகப்படவில்லை. கேட்டு வந்தவர்களிடம் இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. பட்டறையில் மிஞ்சிய கத்தரிப்பூ நிறச் சாயத்தைப் பஞ்சில் தொட்டு, வயல்வரப்பில் பிடித்த பச்சைக் குஞ்சுகளின் மேல் பூசினேன். மலையிலிருந்து வந்த அபூர்வப் பூச்சி என்று விற்றேன். பாவம், பெரும்பாலானவை பெட்டியிலேயே செத்துக் கிடந்தன.

சரோஜா எங்கள் தெருக்காரி. தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவள். பெற்ற இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. கைராசி கெட்டவள் என்று புகுந்த வீட்டில் ஓயாமல் குத்திக் காட்டுவார்கள்.

“ஒண்ணு குடுங்கண்ணா. இதையாவது வளத்துக் காட்டுறேன்,” என்று வாங்கிப் போனாள். சாயம் பூசியதைத்தான் கொடுத்தேன். அவளுக்குமா! ஆமாம், அவளுக்கும்தான்.

சில வாரங்கள் கழித்துப் பட்டறைக்கு ஓடி வந்தாள். பெட்டிக்குள் பச்சைப் பூச்சி. கையில் ஒரு காகித மடிப்பு. அதனுள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மெல்லிய தோல்.

“அண்ணா, நேத்து தலைகீழா தொங்கிகினு இருந்துச்சு. காலைல பாத்தா நெறமே போயிடுச்சுங்க. நான் தெனமும் கையில எடுத்து வெளையாடிகினு இருந்தேன்... அதனாலயா?”

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. பூச்சி சட்டை உரித்திருந்தது. சாயம் அந்தச் சட்டையோடு கழன்றுவிட்டது. பூச்சிக்கு ஒரு குறையும் இல்லை. முன்னைவிடப் பெரிதாக, தெம்பாக இருந்தது. நான் சாயம் பூசி விற்றவற்றில் சட்டை உரிக்கும்வரை பிழைத்ததாக நான் அறிந்தது அது ஒன்றைத்தான். அவள் கை அதை வளர்த்திருந்தது!

அதை ஏன் சொல்லவில்லை? சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். முதலாளி காதில் விழுந்திருந்தால், சாயம் திருடியவன் என்று வேலை போயிருக்கும். இது காரணமா? எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்டுவிட்டேன்... காரணம் இல்லை, கோழைத்தனம்.

“சில பேரு கையில நெறம் நிக்காதும்மா,” என்றேன்.

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். “வூட்ல சொல்றது மெய்தான் போல,” என்றாள். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யார் வீட்டுக் குழந்தையையும் தொடுவதில்லை. கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டைக்கூட வாங்காமல் ஒதுங்கி நிற்பாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எண்பதுகளில் எனக்கு மகள் பிறந்தாள். ஒருநாள் வாசலோடு போன சரோஜாவை என் மனைவி கூப்பிட்டு, குழந்தையை நீட்டினாள்.

“எடுத்துக்கோ சரோஜா. உன்னைப் பாத்துதான் சிரிக்குது.”

சரோஜா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாங்கக்கா. என் கை ஆகாது. அண்ணனுக்குத் தெரியும்... கேட்டுப் பாருங்க.”

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். சரோஜாவும் பார்த்தாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். சரோஜா இன்னும் இதே தெருவில்தான் இருக்கிறாள். அவளிடம் சொல்லவில்லை...