சோகம் என்று போட்டிருந்த பாட்டு

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது அவளைத் தூங்க வைத்தது நானில்லை, யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண். போனில் ஒரு தாலாட்டைப் போட்டுவிட்டுப் பால் பாட்டில் கழுவப் போயிருந்தேன். தாலாட்டு முடிந்து, அதுவாகவே அடுத்தது அதற்கடுத்தது என்று ஓடி, ஒரு ஓப்பரா பாட்டில் போய் நின்றிருக்கிறது. நம் கூத்தைப் போல, கதையைப் பாடியே நடிப்பார்களே, அது. நான் திரும்பி வந்தபோது, அதுவரை தொட்டிலை உதைத்துக் கத்தியவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிவதற்குள் தூங்கியும் விட்டாள்.

அதற்குப் பிறகு வேறெந்தப் பாட்டுக்கும் அவள் தூங்கவில்லை.

அரியலூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் அப்போது நானும் அவளும்தான். கணவர் சிமென்ட் ஆலை வேலையை விட்டுவிட்டுத் துபாய்க்குப் போயிருந்தார். ஆண்டிமடத்தில் மாமியாருக்கு முந்திரிக் காய்ப்பு நேரம், காட்டை விட்டு நகர முடியாது. பெரம்பலூரில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், அம்மா அவரை விட்டு நகர முடியாது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. எனக்கும் யாரையும் கூப்பிட மனம் வரவில்லை.

மொழி தெரியாத பாட்டைத் தினமும் குழந்தைக்குக் கொடுக்கிறோமே என்று ஒரு நாள் உறுத்தியது. மருந்துச் சீட்டைக்கூட இரண்டு முறை படிக்கிறவள் நான். பாட்டின் பெயரைப் போட்டுத் தேடினேன். பாட்டை வேகம், சுருதி, மனநிலை என்று பிரித்துச் சொல்லும் ஒரு பக்கம் வந்தது. வேகம்: மெதுவானது. சுருதி: மைனர். மனநிலை: சோகம்.

மைனர் என்றால் என்னவென்று தேடினேன். பெரும்பாலும் துயரமான பாட்டுகள் அந்தச் சுருதியில்தான் அமையும் என்று போட்டிருந்தது. தூங்குகிற பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். பாட்டு ஓர் அடி வைப்பதற்குள் அவள் நெஞ்சு இரண்டு அடி வைத்தது. அந்த வயதில் அப்படித்தான் துடிக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் பயந்தேன். என்னிடம் இருக்கிற துக்கம் போதாதென்று வெளிநாட்டிலிருந்தும் வரவழைத்து அவளுக்கு ஊட்டுகிறேனோ?

கணவரிடம் போனில் சொன்னதற்குச் சிரித்தார். "பாட்டுக்குமா மார்க் போடுற? புள்ள தூங்குதா இல்லியா?"

"தூங்குறா. ஆனா சோகம்னு போட்டிருக்குங்க."

"அவளுக்கு அது தெரியுமா? நீயா போயி சொல்லாத."

மறுநாள் அதே பக்கத்தில் 'மகிழ்ச்சி' என்று போட்டிருந்த பாட்டுகளாகப் பார்த்து, மைனருக்கு எதிரான மேஜர் சுருதியில், துள்ளலான வேகத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். அழுது அழுது அவளுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். பழைய பாட்டுக்கே திரும்பினேன்.

தெருவில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போன ஒரு மதியம், போன் சத்தம் அவளுக்கு எட்டவில்லை. கணவர் வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கரில் இணைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். லாரிகள் போய்விட்டன. குறைக்க மறந்துவிட்டேன். அந்தப் பெண் உச்சத்துக்குப் போய், குரலை இழுத்து, உடைத்து இறக்கினாள்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி முன்னால் வந்தார். பின்னால் எதிர்வீட்டு அக்காவும், எப்போதாவது கண்ணால் மட்டும் சிரிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணும். எதிர்வீட்டு அக்கா அழவே ஆரம்பித்திருந்தார்.

"அப்பாவுக்காம்மா? எப்ப? போன் வந்துச்சா?" என்று வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்தார்.

எனக்குத் தெரியாத ஏதோ செய்தி இவர்களுக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். உள்ளே ஸ்பீக்கரில் அந்தப் பெண் இன்னொரு தடவை குரலை இழுத்தபோதுதான் புரிந்தது.

"ஐயோ, ஒண்ணுமில்லீங்க. பாட்டு. பாப்பா தூங்குறதுக்கு."

மூவரும் தொட்டிலைப் பார்த்தார்கள். பிள்ளை எழுந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது பாட்டா?" என்றார் எதிர்வீட்டு அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் உலைய எறக்கி வச்சுட்டு ஓடியாரேன். பாதி ஒப்பாரியே மனசுக்குள்ள வந்துருச்சு!"

"அதையும் பாடிட்டுப் போங்கக்கா, பாப்பா இன்னும் நல்லா தூங்கும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"சும்மா கெட." வீட்டுக்கார அம்மா அதட்டினார். பிறகு என்னிடம், "சாவுன்னு நெனச்சு வந்த காலோட அப்படியே திரும்பக் கூடாது. சக்கரை எடுத்துட்டு வா. காப்பியும் போடு" என்றார்.

சாவு வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதனால் இங்கே குடித்துக் காட்டவேண்டும். அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் முதல்முறையாகப் பெரிய பாத்திரத்தில் பால் வைத்தேன். பிள்ளை மடி மாறி மாறிப் போனாள். என் காப்பியில் தண்ணீர் அதிகம் என்று கேலி செய்தார்கள். கிளம்பும்போது மூவரும், சாவு வீட்டில் சொல்லக் கூடாத அந்த வார்த்தையை வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்கள். "போயிட்டு வரோம்!"

வீட்டுக்கார அம்மா மட்டும் வாசலில் நின்றார். "படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததில்ல. அப்பா படுத்துக் கெடக்குறாரு, புருசன் கண் காணாத ஊர்ல. இந்தப் பாட்டு வூட்டுக்கு வேணாம்மா."

உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்கப்பாவா? இட்லி வேணாம் தோசைதான் வேணும்னு மல்லுக்கு நிக்கிறாரு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

எனக்கு இந்தச் சகுனத்திலெல்லாம் நம்பிக்கையில்லை. இருந்தாலும் இரண்டு நாள் பாட்டைப் போடவில்லை. அவள் தூங்கவும் இல்லை. என் குரலில் பாடிப் பார்த்தேன். தோளில் முகத்தைத் தேய்த்து இன்னும் அழுதாள். மூன்றாம் நாள் ஜன்னல்களைச் சாத்தி, சத்தம் தொட்டிலைத் தாண்டாதபடி குறைத்து, அதே பாட்டைப் போட்டேன். சோகமோ என்னவோ, பிள்ளை தூங்கவேண்டும். இரண்டாவது சரணத்தில் கண்ணை மூடினாள்.

யாரும் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை. அது பாட்டுதான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டினால் ஒருவேளை திட்டுவதற்காவது வீட்டுக்கார அம்மா வருவார். கூட்டலாமா வேண்டாமா என்று, விரலை அந்தப் பொத்தானின் மேல் வைத்தபடி, பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.