ஓக் தரைக்கு ஒரு வாளித் தண்ணீர்

கார்ப்பெட்டின் ஓர் ஓரம் கிளம்பியிருந்தது. அமுக்கிவிடலாம் என்று குனிந்தவன், கீழே பலகை தெரிந்ததும் நிமிரவே இல்லை. அசல் ஓக் மரம். அமெரிக்காவின் இந்த ஓஹையோக்காரர்கள் மரத்தில் தரை போட்டு, அதைக் கம்பளியால் மூடி, அந்தக் கம்பளியிலிருந்து தூசி உறிஞ்ச ஓர் இயந்திரமும் வாங்கி வைத்து வாழ்கிறார்கள். எனக்கோ அம்மாவின் இருமல் ஞாபகம் வந்தது. போன வருடம் மூன்று மாதம் தங்க வந்தவள், இந்த அறையில் மூன்று வாரம் இருமிவிட்டுத் திருத்தங்கலுக்கே போய்விட்டாள். "துணியில தரை போட்ட வீட்டுக்கு இனி வர மாட்டேம்லே" என்பது அவளுடைய தீர்ப்பு. துணியை உரித்து, பலகையைத் தேய்த்து எண்ணெய் பூசிவிட்டால்?

வீட்டுக்கார அம்மாள் காரலிடம் கேட்டேன். "டேக் யுவர் டைம்" என்றார். அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு ஐந்து வாரமாகத் தேய்க்கிறேன். இருப்பதோ ஒரே அறை. கட்டில், மேஜை, ரைஸ் குக்கர் எல்லாம் ஒரு பாதியில் அகதிகளாக நிற்க, மறுபாதியில் நான் முழங்காலிட்டு உப்புத்தாளோடு நகர்கிறேன். இங்கே இது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. நாற்காலிக்கால் தேய்ப்பவனுக்குக்கூடக் கடையில் நாலு வகை முகமூடி, முட்டிக்கு மெத்தை. எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனியில் அம்மா இருபது வருடம் வெடிமருந்துத் தூசியில் உட்கார்ந்தாள். அங்கே முகமூடி, அதிகாரி வரும் அன்று மூட்டையிலிருந்து வெளியே வரும். ஜீப் கிளம்பியதும் மூட்டைக்குள் போகும். நான் இருப்பதிலேயே உயர்ந்த முகமூடியாகப் பார்த்து வாங்கினேன், மரத்தூளுக்கு.

போன வாரம் பாதி அறை வழவழவென்று வந்துவிட்டது. ஜன்னல் வெயிலில் தூள் மிதந்துகொண்டிருந்தது. காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் தொடாதே, தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டு என்பது எங்கள் வீட்டில் பேச்சு வருமுன்னே வரும் பாடம். இன்ஜினியரிங் படித்த மூளை என்ன ஏது என்று கேட்பதற்குள் கை வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டது. மறுநாள் காலை பலகையெல்லாம் மரநார் எழும்பி, நாலு நாள் தாடி மாதிரி சிலிர்த்து நின்றது.

காரல் வந்து பார்த்தார்.

"ஏன் கழுவினாய்?"

"பாதுகாப்புக்கு."

"எதிலிருந்து?"

"தூசி வெடித்துவிடும். எங்கள் ஊரில் வெடிக்கும்."

அவர் ஒரு காலை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். "உங்கள் ஊரில் தரையை எதனால் செய்வார்கள்?"

சிமெண்டால்தான் என்று விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆனது. நன்றாகக் காயவிட்டு, மெல்லிய தாளால் மறுபடி தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"எம்புட்டுத் தண்ணி ஊத்துனலே?"

"ஒரு வாளி."

"நாங்க தெளிப்போம். நீ குளிப்பாட்டியிருக்க." பிறகு, "பூசப்போற எண்ணெய் டப்பாவுல என்ன எழுதியிருக்கு, வாசி" என்றாள்.

வாசித்தேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்றிருந்தது. அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

"அப்ப அங்கனயும் பட்டாசுதான். அந்தத் துணிய வெளிய விரிச்சுக் காயப்போடு, வீட்டுக்குள்ள வைக்காத."

"சரி. நீ வருவியா மாட்டியா?"

"தரையில உக்காந்து பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"உக்காரணும்னா இங்கன வரணும்ல?"

"அதத்தாம்லே சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

பலகை காய்ந்துகொண்டிருக்கிறது. இடம் போதாமல் கட்டிலின் இரண்டு கால் ஓக்கிலும் இரண்டு கால் கார்ப்பெட்டிலும் நிற்கின்றன. படுத்தால் ஒரு பக்கமாகச் சரிகிறேன். முழு அறையையும் ஒரே மூச்சில் முடிக்கும் வீராப்பை விட்டுவிட்டேன். வருகிற சனிக்கிழமை ஜன்னலோரத்துப் பலகைகளை மட்டும், ஒருத்தி சம்மணம் போட்டு உட்காரும் அகலத்துக்கு, தேய்த்துப் பார்க்கப்போகிறேன்.