விவாகரத்து மனுவும் ஒரு காணிக்கைக் கவரும்

அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கியதைப் பற்றி யாராவது துக்கம் விசாரிக்கும் குரலில் என்னிடம் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் வீட்டில் ஓரளவு ஒழுங்காக நடந்த விசேஷம் அது ஒன்றுதான். அதையும் கெடுக்கப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மா பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். அப்பாவுக்குப் பல்கலைக்கழகத்தில் கிளார்க் வேலை. அப்பா குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அம்மா யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார். ஆனால் இருவரையும் ஒரே அறையில் அரை மணி நேரம் விட்டுவைத்தால் போதும், மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்று ஆரம்பிக்கும் பேச்சு அத்தை கல்யாணத்தில் நடந்த குளறுபடியில் போய் நிற்கும். நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிப் பழகியிருந்தேன். ஒருநாள் அப்பா வேலைக்குப் பக்கமாக நாகமலை புதுக்கோட்டையில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் ஆகியும் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரே ஒருவரைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். சேர்ந்து வாழ்ந்த காலத்திலும் அவர்கள் அங்கே தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆராதனை முடிந்ததும் அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருப்பரங்குன்றம் பக்கம் போவார். அம்மா காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து வீடு திரும்புவார். இதைவிட ஒற்றுமையான குடும்பம் உண்டா என்றுகூட யாராவது நினைத்திருக்கலாம்.

விஷயம் தெரிந்த அந்த ஒருவர் வக்கீலம்மாவின் குமாஸ்தா. அவரும் எங்கள் சபைக்காரர்தான், ஆனால் வாய் திறக்காதவர். வக்கீலம்மாவின் அலுவலகம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர் ஒருவரே வக்கீல். "சண்டை போடணும்னா ஆளுக்கொரு வக்கீல் பாத்துக்கங்க. சம்மதத்தோட பிரியிறதுன்னா நான் ஒருத்தி போதும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். ஒவ்வொரு தாளையும் இருவரும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட விடுவார். நான் அம்மாவிடம் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறையும் அப்பாவோடு என்ற பத்தி வந்தபோது என் பக்கம் திரும்பி, "சரியா பாப்பா?" என்று கேட்டார். வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் தலையை ஆட்டிவைத்தேன்.

மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார். எதற்கு என்று அப்பா கேட்டார்.

"மனசு மாறுனா மாறிக்கிறதுக்குத்தான் சார். சட்டமே ஒரு வாய்ப்புக் குடுக்குதுல்ல."

அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா கைப்பைக்குள் எதையோ தேடினார். சட்டம் கொடுத்த வாய்ப்பை இருவரும் கையில் வாங்குவதாகவே தெரியவில்லை. யாராவது ஒருவர் அந்த வேலையைப் பார்க்க வேண்டாமா? சரி, நாமே பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

ஐந்தாவது மாதத்தில் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. எங்கள் கோயிலில் பிறந்த நாளோ திருமண நாளோ வந்தால், ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் பெயரையும் விவரத்தையும் எழுதி உள்ளே போகும்போதே சபைச் செயலரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் பெயரை வாசிப்பார், உரியவர்கள் முன்னால் போய் முழங்காலிடுவார்கள், போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அம்மாவின் பைபிளுக்குள் இருந்த ஒரு கவரை எடுத்தேன். என் உண்டியலில் இருந்து காணிக்கையும் போட்டேன். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இருவர் பெயரையும் எழுதி, மூலையில் ஒரு செம்பருத்திப் பூவும் வரைந்தேன். அந்த ஞாயிறு செருப்பைக் கழற்றும் சாக்கில் பின்தங்கி அதைச் செயலர் கையில் சேர்த்தேன்.

அவர் பெயர்களை வாசித்ததும் அம்மாவின் கை என் தோளில் இறுகியது. வலப்பக்கம் அப்பா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் முழுக்கத் தலைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. எழுந்து போகாவிட்டால் இரண்டு வருட ரகசியம் அங்கேயே உடைந்துவிடும். வேறு வழியில்லாமல் அம்மா இங்கிருந்தும் அப்பா அங்கிருந்தும் நடந்து போய், நடுவில் சேர்ந்து முழங்காலிட்டார்கள். அவர்களுக்குச் சமாதானத்தைத் தரும்படி போதகர் நீண்ட நேரம் ஜெபித்தார். நடுவில் அப்பா குனிந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

யாரோ படம் எடுத்து சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வக்கீலம்மா எங்கள் மூவரையும் வரச்சொன்னார். போன் அவர் மேசைமேல் இருந்தது, அதில் அந்தப் படம் இருந்தது.

"டீச்சர், நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கீங்கன்னு நான் மனு போட்டிருக்கேன். நீங்க என்னடான்னா சோடியா முட்டி போட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கிட்டு இருக்கீங்க. அடுத்த மாசம் ஜட்ஜ் ஐயாகிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "சேந்துட்டீங்கன்னா சொல்லுங்க, எனக்கும் அம்புட்டு சந்தோசம். வாபஸ் மனு ஒரு பக்கந்தான், இப்பவே டைப் அடிச்சிரலாம்."

டைப் அடிங்க, டைப் அடிங்க என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"வேணாம் மேடம்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். அவர்கள் ஒத்த குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்னப் பிடிக்கவில்லை.

"அப்ப பேரு குடுத்தது யாரு?"

தின்னப் பிடிக்காத பிஸ்கட்டை அவசரமாக வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

"நான்தான்" என்றார் அப்பா. "நான்தான் மேடம்" என்றார் அம்மா, அதே மூச்சில்.

வக்கீலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோப்பைப் புரட்டினார், மேற்கொண்டு கேட்கவில்லை. நான் தப்பித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு குழப்பம். அப்பாவும் கவர் கொடுத்திருக்கிறார், அம்மாவும் கொடுத்திருக்கிறார், என்னோடு சேர்த்து மூன்று. மூன்று பேருக்கும் ஒரே ஆசை இருக்கும்போது பிறகு எதற்கு வேண்டாம் என்றார்கள்? பெரியவர்களுக்குப் புத்தியே கிடையாது என்று ஒரு வருடம் முழுக்கக் கோபமாக இருந்தேன்.

அடுத்த மாதம் நீதிபதி இருவரையும் நாலு கேள்வி கேட்டார், தீர்ப்பு வந்தது. வெளியே வந்து மூவரும் ஓட்டலில் சாப்பிட்டோம். எனக்கு ஸ்கூல் ஷூ எந்தக் கடையில் வாங்குவது என்று இருவரும் பேசினார்கள், சண்டை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் மேசைக்கு மேலேயே வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தேன்.

போன மாதம் பாஸ்போர்ட்டுக்காகத் தீர்ப்பின் நகல் தேவைப்பட்டது. வக்கீலம்மா எப்போதோ திருப்பிக் கொடுத்திருந்த பழைய வழக்குக் கட்டை அம்மா தூக்கிக் கொடுத்தார். அதற்குள், வாட்ஸ்அப் படத்தின் பிரிண்டோடு சேர்த்து ஊசி குத்தி, என்னுடைய கவர் இருந்தது. கோடு கிழித்த எழுத்து, மூலையில் செம்பருத்தி. குமாஸ்தா அதைச் செயலரிடம் இருந்து வாங்கிப்போய்க் கொடுத்திருக்கிறார். பேர் கொடுத்தது யார் என்று வக்கீலம்மா கேட்டபோது இந்தக் கவர் அவர் கைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்குக் கோயிலில் அம்மா காதில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்பாவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"'இது பாப்பா வேலதான். கொஞ்சம் சிரிச்ச மொகமா இரு, நம்மளையே பாத்துக்கிட்டு இருப்பா'ன்னு சொன்னேன்."