ஸ்டில்ட்னரும் இன்னொரு ஓட்டும்

எங்கள் மலை மாவட்டத்தில் தேர்தல் வாரியம் என்றால் மூன்று பேர். மாநிலத் தேர்தலில் ஜெயித்த ஆளுநரின் கட்சிக்கு இரண்டு நாற்காலி, அடுத்த கட்சிக்கு ஒன்று. கட்சிகள் நாற்காலிக்கு மூன்று பெயர் எழுதி அனுப்பும், நீதிபதி அதிலிருந்து ஒருவரைப் பொறுக்குவார். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களிடம் அடுத்த கட்சி இல்லை என்பது மட்டும்தான் குறை. கட்சிகளின் பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார்கள். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்றே வைத்துக்கொள்வோம்.

ஊரின் ஒரே சின்னக் கட்சிக்காரர் இறந்த வாரம், மாதாகோவில் விருந்து முடிந்ததும், காலியான நாற்காலிக்குக் கட்சி மாறப்போவது யாரென்று ஆறு பேர் தீக்குச்சி எடுத்தார்கள். குட்டைக்குச்சி முடிதிருத்துபவர் ஹார்லன் ஸ்டில்ட்னர் கையில் வந்தது. மறுநாளிலிருந்து அவர் சின்னக் கட்சி: தலைவர், செயலாளர், பொதுக்குழு எல்லாம் அவரே. கடைக் கண்ணாடி முன் நின்று தீர்மானம் வாசிப்பார், எதிர்ப்பின்றி நிறைவேறும். மூன்று பெயர் கேட்ட நீதிபதிக்கு ஹார்லன் ஸ்டில்ட்னர், ஹெச். ஸ்டில்ட்னர், ஸ்டில்ட்னர் ஹார்லன் என்று எழுதி அனுப்பினார். நீதிபதி நன்கு யோசித்து நடுப்பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

பதவிக்கு மரியாதை வேண்டுமென்று அந்த வருஷத்திலிருந்து ஓட்டையும் சின்னக் கட்சிக்கே போட்டார். எண்ணிப் பார்த்தால் இரண்டு ஓட்டு. அடுத்த தேர்தலிலும் இரண்டு. பதினாறு வருஷம், ஒவ்வொரு முறையும் இரண்டு. ஒன்று அவருடையது. மற்றது யாருடையது என்று கேட்பது சட்டப்படி குற்றம், ஆனால் எங்கள் ஊரின் பிரதான பொழுதுபோக்கு.

வாரியத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஓடிஸ் ராமே என்பவர். தீவனக் கடைக்காரர், பெரிய கட்சி, ஹார்லனின் பள்ளிக்காலச் சிநேகிதர். மூன்றாவது உறுப்பினர் பெரும்பாலும் தூங்குவார். இவர்கள் இருவரும் ஓட்டெண்ணிக்கொண்டே ஓடிஸின் மனைவி லொரீன் மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்டு அனுப்பும் 'ஆப்பிள் பை'யைத் தின்பார்கள். அந்த மணத்தோடு வராத தேர்தல் முடிவை நான் அந்நாளில் நம்பியதே இல்லை.

பிறகு எவரும் எதிர்பாராதது நடந்தது. மாநிலத்தில் சின்னக் கட்சி ஜெயித்து ஆளுநர் மாறினார். இனி அவர்களுக்கு இரண்டு நாற்காலி. ஓடிஸின் தவணை ஜனவரியில் முடிந்தது.

"மூணு பேரு அனுப்பணும் ஹார்லன்," என்றார் நீதிபதி தொலைபேசியில். "இந்தத் தடவ மூஞ்சியும் மூணா இருக்கணும்."

ஓடிஸ் கடைக்கு வந்தார், நாற்காலியில் உட்காரவில்லை.

"என் எடத்துக்கு யாரடா போடப்போற?"

"நீயே வாயேன். ஒரு கையெழுத்துதான்டா. கட்சி மாறிட்டேன்னு."

"எங்க தாத்தா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து உதைப்பாரு."

"வரட்டும். மூணாவது பேரு அவருதான்."

ஓடிஸ் சிரிக்கவில்லை. "சிநேகிதன்கிற நெனப்பு இருந்தா பேரே அனுப்பமாட்ட," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். பெயர் அனுப்பாவிட்டால் நீதிபதி தானே யாரையாவது பிடித்துப்போடுவார் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் ஓடிஸ் கடைக்கு வருவதை நிறுத்தினார். அவர் முடி காதை மூடிற்று. ஊர் அதைக் கவலையோடு கவனித்தது.

ஹார்லன் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டினார்: 'இன்னொரு ஓட்டுப் போடுகிறவர் தயவுசெய்து வரவும்.' இரண்டு வாரம் எவரும் வரவில்லை. முடி வெட்ட வருகிறவர்களும் அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். பார்த்தால் சந்தேகம் விழுமே.

ஒரு வெள்ளிக்கிழமை லொரீன் வந்தாள். நான் கழுத்தில் துணியோடு நாற்காலியில் இருந்தேன். என்னை அவள் மேசை நாற்காலிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"அண்ணே, காயிதத்தக் கிழிச்சிருங்க. அந்த ஓட்டு என்னோடது."

கத்தரிக்கோல் என் காதருகே நின்றது.

"எத்தன வருசமா, லொரீன்?"

"கல்யாணத்துக்கு மின்னாலேருந்து. எங்கப்பா சுரங்கத் தொழிலாளி, அப்பிடித்தான் போடுவாரு. மொத ஓட்டு என்னோடதுண்ணே. நீங்கதான் அந்த இன்னொரு ஓட்டு."

பதினாறு வருஷத் தலைவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஓடிஸுக்குத் தெரியுமா?"

"நேத்து சாப்பிடறப்ப சொன்னேன். கரண்டிய கீழ வச்சாரு. கொஞ்ச நேரம் வச்சாரு. அப்பறம் எடுத்துட்டாரு. பசிதான்."

"என்ன சொன்னான்?"

"வெளியாளு வந்து அந்த நாக்காலியில உக்கார்றதுக்கு நீயே உக்காருன்னாரு. 'அதுக்காகப் பேசுவேன்னு நெனைக்காத'ன்னும் சொன்னாரு. அது உங்களுக்கா எனக்கான்னு தெரியல."

ஹார்லன் நீதிபதிக்கு லொரீன் பெயரை எழுதி, மற்ற இரண்டு வரிகளிலும் 'தேடினேன்' என்று எழுதினார். நீதிபதி நன்கு யோசித்து முதல் பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த தேர்தலில் ஓட்டெண்ணும் அறையில் லொரீன் உட்கார்ந்திருந்தாள். அவளே எண்ணுவதால் ஆப்பிள் பை செய்ய ஆளில்லை. மத்தியானம் கதவு தட்டப்பட்டது. காதை மூடிய முடியோடு ஓடிஸ், கையில் ஒரு தட்டு. அதிலிருந்தது ஆப்பிளா கரியா என்பதில் வாரியத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

ஹார்லன் ஒரு துண்டு தின்றார். நெடுநேரம் மென்றார்.

"உங்க கட்சிய விட மோசம்டா இது."

"தின்னுட்டு எண்ணு," என்றார் ஓடிஸ். பிறகு கதவோரமாக நின்று, "நாளைக்குக் கடை தொறந்திருக்குமா? முடி கண்ணுல விழுது," என்றார்.

இப்போது இயந்திரம் எண்ணுகிறது. பிழையே வருவதில்லை என்கிறார்கள். ஹார்லன், லொரீன், ஓடிஸ் மூவரும் மாதாகோவிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில், ஒரே வரிசையில் இருக்கிறார்கள். பெரும்பான்மை இன்னும் சின்னக் கட்சிக்குத்தான்.